பதினான்காம் பாரா

தணிக்கை வேலையில் சேர்ந்தவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது கூட்டல் கழித்தல் இல்லை, காகிதம் மடிப்பது. முழுத்தாளை நெடுக்குவாக்கில் சரிபாதியாக மடித்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்து, மறுபடி பிரித்து வைக்க வேண்டும். நடுவில் ஒரு கோடு விழும். இடது பாதியில் நாங்கள் கேள்வி எழுதுவோம். வலது பாதி, பதில் சொல்ல வேண்டியவருக்கு. அரை மார்ஜின் தாள் என்று அதற்குப் பெயர். வாயால் கேட்கிற கேள்விக்கும் வாயால் சொல்கிற பதிலுக்கும் எங்கள் உலகத்தில் மதிப்புக் கிடையாது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் முகாம் போட்டுக் கழிந்த அந்த வருஷங்களில் நான் எத்தனை ஆயிரம் தாள் மடித்தேனோ, என் வலது கட்டைவிரல் நகம் ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகவே இருக்கும். அவ்வளவு தாள்களில் ஒன்றே ஒன்றுதான் எனக்கு இன்றைக்கும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. அதன் வலது பாதியில் எழுதியவர் ஒரு நர்சம்மா.

நர்சம்மா என்பது ஊர் வைத்த பெயர். உத்தியோகப்படி அவர் பயிற்சி பெற்ற மருத்துவச்சி. திண்டிவனத்துக்கு மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் வரப்பில் நடந்தால் ஒரு கிராமம். அங்கே ஜில்லா போர்டு நடத்திய தாய்சேய் நல விடுதிக்கு அவர்தான் எல்லாம். ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு தராசு, துணி வேகவைக்க ஓர் அண்டா, அவ்வளவுதான் விடுதி. அவருடைய சொந்த ஊர் மரக்காணம் பக்கம் ஒரு கடலோரக் குப்பம். சின்ன வயதிலேயே புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டார். எட்டாவது வரை படித்திருந்ததால் பிரசவம் பார்க்கும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் குப்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண்பிள்ளை அவர்தான். தம்பி சொந்தமாகப் படகு வாங்கியதும் அந்தச் சம்பளத்தில்தான். நான் பார்த்தபோது அவருக்கு நாற்பது இருக்கும். நல்ல உயரம், கறுப்பு. வெள்ளைப் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நடந்துகொண்டேதான் பேசுவார். நின்று பேசி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

ஐம்பதுகளின் நடுவில் வெளிநாட்டிலிருந்து அட்டை டிரம்களில் பால் பவுடர் வந்துகொண்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் வாரம் ஒருமுறை அளந்து கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒரு பதிவேடு. தேதி, தாயின் பெயர், கணவர் பெயர், தெரு, அளவு, கைநாட்டு என்று அதில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த விடுதிக்குப் போனபோது கணவர் பெயர் என்ற கட்டம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். புதிதாக வேலைக்கு வந்தவனுக்குக் காலிக் கட்டத்தைப் போலச் சுலபமான வேட்டை வேறு இல்லை. தாளை மடித்து, இடது பாதியில் எழுதினேன்: ‘கணவர் பெயர் ஏன் குறிக்கப்படவில்லை? கட்டங்களைப் பூர்த்தி செய்து அடுத்த தணிக்கைக்குக் காட்டவும்.’ அவர் வலது பாதியில் ‘சரி ஐயா’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாருக்கோ வலி கண்டிருக்கிறது என்று ஓடினார்.

மறு வருஷம் போனேன். கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. பழைய வருஷத்துக் கட்டங்களும் சேர்த்து, ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியது போல. தணிக்கைக்காரனுக்கு இதைப் பார்த்தால் கை நமநமக்கும். உட்கார்ந்த இடத்தில் கற்பனையாக எழுதினால்தான் எழுத்து இப்படி வரும் என்று எங்களுக்குப் பாடமே உண்டு. நர்சம்மா அப்போது ஊரில் இல்லை, பக்கத்துக் கிராமத்தில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். பதிவேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு திண்டிவனம் வந்தேன். தாலுக்கா ஆபீஸில் அந்தக் கிராமத்தின் வாக்காளர் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். முகாம் அறை மல்லாட்டை மண்டிக்குப் பக்கத்தில் இருந்தது. காற்றில் பறந்து வந்த வேர்க்கடலைத் தோல் பட்டியலின் மேல் விழ விழ ஊதித் தள்ளிவிட்டு, ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டேன். பதிவேட்டில் கண்ட புருஷன்மார்களில் பாதிக்கு மேல் அந்த ஊரில் இல்லவே இல்லை. அந்தப் பெயருள்ள பெண்கள் இருந்தார்கள், ஆனால் பட்டியலில் அவர்களுடைய புருஷன் வேறு. ஒரே பெயரில் ஊரில் ஏழெட்டுப் பெண்கள் இருப்பது சகஜம், புருஷன் பெயர் இல்லாமல் எவள் எவளென்று எப்படிச் சொல்வது? கைநாட்டு இருந்தது. யார் விரலென்று யார் கண்டார்கள்? இல்லாத பெண்களின் பெயரில் பால் பவுடர் வெளியே போயிருக்கிறது என்று எனக்குப் பட்டது. பட்டது என்ன, சத்தியம் செய்திருப்பேன்.

விளக்கம் கேட்டு அரை மார்ஜின் தாளை எழுதி விடுதி மேஜையில் வைக்கச் சொல்லி அனுப்பினேன். மூன்று நாள் கெடு. மூன்று நாளில் பதில் வராவிட்டால் பதில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பதில் வரவில்லை. எங்கள் இன்ஸ்பெக்டர், அதாவது தணிக்கைக் குழுவுக்குத் தலைவர், என் குறிப்பைப் படித்துவிட்டு முதுகில் தட்டினார். அறிக்கையில் ஒவ்வொரு குற்றச்சாட்டும் ஒரு பாரா, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். என்னுடையது பதினான்காம் பாரா ஆயிற்று. ‘கற்பனைப் பெயர்களில் குழந்தைகளுக்கான பால் பவுடர் வழங்கியதாகக் காட்டியது.’ அந்த வாக்கியத்தைக் கோத்தது நான்தான். அன்று எனக்கு அது மிகவும் அழகாக இருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் நர்சம்மா முகாம் அறைக்கு வந்தார். அடுத்தடுத்த ஊர்களில் பிரசவம் பார்த்துவிட்டு அன்றுதான் விடுதிக்குத் திரும்பியவர், தாளைப் பார்த்ததும் பஸ் பிடித்து வந்திருக்கிறார். அன்றைக்குத்தான் நின்று பேசினார்.

“காலியா வுடக் கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதினீங்க?”

“காலியா விடக் கூடாதுன்னா பொய்ப் பேரை எழுதலாமா?”

“பொய்ப் பேரு இல்ல சார். அவங்க அப்பன் பேரு.”

எனக்கு விளங்கவில்லை. அவர் தாளை நீட்டினார். பதில் வலது பாதியில் அடங்காமல், நடுக்கோட்டைத் தாண்டி என் கேள்வியின் இடுக்கிலெல்லாம் புகுந்து ஓடியிருந்தது. ‘ஐயா, இந்த ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சிரிப்பார்கள். பக்கத்தில் நிற்பவளைக் கேட்டால் அவளும் பங்காளி வீட்டு மருமகள், எனக்கு மாமன் முறை என்று அவளும் சொல்ல மாட்டாள். நான் வெளியூர்க்காரி, எனக்கும் தெரியாது. பெயர் எழுதியே ஆக வேண்டும் என்று தாங்கள் உத்தரவு போட்டதால் அப்பன் பெயரைக் கேட்டேன். அதைச் சொன்னார்கள். எழுதினேன். பால் எல்லாம் குழந்தைகள் வயிற்றில்தான் போயிற்று.’

“கவர்மெண்டுக்கு ஆம்பளை பேரு ஒண்ணு வேணும், அவ்ளோதானேன்னு நெனைச்சேன் சார்” என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அறிக்கையின் வரைவு அன்று காலைதான் இன்ஸ்பெக்டரோடு விழுப்புரத்துக்குப் போயிருந்தது. மறுநாள் காலை பாசஞ்சரில் நானும் போய் அவர் கையிலிருந்து வாங்கி அந்தப் பாராவை அடித்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பதில் ஒரு சாமர்த்தியமான சாக்காகத்தான் தோன்றியது. தப்பு செய்தவர்கள் யாருக்குத்தான் கதை இல்லை? “அத்தாட்சி இருக்கா?” என்று கேட்டேன். “அத்தாட்சின்னா இன்னா சார், புள்ளைங்களத் தூக்கினு வந்து காட்டட்டுமா?” என்றார். ‘தாமதமாகப் பெறப்பட்ட பதில், அத்தாட்சி இணைக்கப்படவில்லை’ என்று தாளின் மேல் எழுதிக் கோப்பில் சேர்த்தேன்.

அறிக்கை போனது. இரண்டு மாதத்தில் நர்சம்மாவைச் சஸ்பெண்டு செய்தார்கள். பவுடரின் மதிப்பை அவரிடமிருந்து வசூலிக்க நோட்டீஸ் போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் எங்கள் வாடகை வீடு. அம்மை குத்துகிறவர் வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டு வந்தார். நான் கொல்லைப்பக்கம் முகத்தில் சோப்பு பூசிக்கொண்டு சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். வாசலில் அவர் குடும்பத் தலைவர் பெயர் கேட்பது காதில் விழுந்தது. என் மனைவியின் பதில் காதில் விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா, இங்க செத்த வர்றீங்களா? பேரு கேக்கறாரு” என்று அவள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவது கேட்டது. அந்த அம்மாள் வந்து என் பெயரைச் சொன்னாள். இரண்டு பெண்களும் சிரித்தார்கள். நான் சோப்பு காயும்வரை கத்தியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி நாலு வருஷம், என் பெயர் அவள் வாயில் ஒரு தடவை வந்ததில்லை. அது எனக்கும் தெரியும். என் அம்மா சொன்னதில்லை, அத்தை சொன்னதில்லை. தெரிந்ததெல்லாம் வீட்டோடு நின்றுவிட்டது, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். மல்லாட்டை பிடுங்கும் காலம். பெண்கள் எல்லோரும் புன்செய்க் கொல்லையில் குனிந்திருந்தார்கள். பதிவேட்டிலிருந்து குறித்துக்கொண்டு போன பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். நிமிர்ந்தார்கள், அதனால் ஆட்கள் இருப்பது நிச்சயமாயிற்று. பால் பவுடர் வாங்கினீர்களா என்று கேட்டதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “பாலா? எங்களுக்கு அதெல்லாம் தெரியாதுங்க.” “நாங்க அந்தப் பக்கமே போனதில்லீங்க.” இடுப்பில் கொழுகொழுவென்று குழந்தையை வைத்துக்கொண்டே ஒருத்தி அப்படிச் சொன்னாள். விஷயம் என்னவென்றால், நர்சம்மாவுக்கு நோட்டீஸ் வந்ததும், பால் குடித்த வீட்டுக்காரர்கள் எல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும், போலீஸ் வரும் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். நான் வேறு வெள்ளைச் சட்டையும் கையில் காகிதமுமாகப் போய் நின்றேன். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

திரும்பி வரப்பில் நடந்தபோது அந்தக் குழந்தைக்காரி பின்னாலேயே ஓடி வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“எல்லாருக்கும் குடுத்தாங்க சார். வாராவாரம் அளந்து குடுத்தாங்க. இவன் அவங்க கையிலதான் பொறந்தான்.”

நான் அவசர அவசரமாகத் தாளை எடுத்தேன். அவள் சொன்னதை எழுதி, மைப்பெட்டியைத் திறந்து, விரலை வை என்றேன். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

“அந்த நோட்டுல கைநாட்டு வெச்சதுக்கே இவ்ளோ பேஜாரு ஆயிடுச்சி. இன்னொரு தபா வெக்க மாட்டேங்க. வூட்ல தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாங்க.”

குழந்தையை அணைத்துக்கொண்டு கொல்லைக்குள் போய்விட்டாள். அவளுடைய சொல் என்னிடம் இருந்தது, விரல் இல்லை. விரல் இல்லாத சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

இருந்தாலும் ஒரு குறிப்பு எழுதினேன். பதினான்காம் பாராவை நானே நேரில் விசாரித்ததில் அது தவறு என்று அறிகிறேன், கைவிடலாம் என்று. இன்ஸ்பெக்டர் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. எனக்குக் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

“தம்பி, ரிப்போர்ட்டு நம்ம கையை வுட்டுப் போயிடுச்சி. இனிமே பதில் அவங்க போர்டுலேர்ந்துதான் வரணும். நீயே கேள்வி கேட்டு, நீயே பதிலும் எழுதிக்கினா அதுக்கு ஆடிட்டுன்னா பேரு?”

“அந்த அம்மா மேல தப்பு இல்லீங்க சார்.”

“இருக்கட்டும். உன் மேல தப்புன்னு எழுதிக் குடுக்கறியா? உன் புரொபேஷன் இன்னும் முடியல. யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். அதிகம் யோசிக்கக்கூட இல்லை. என் மனைவி அப்போது ஏழு மாதம். குறிப்பைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதற்கு நான் இன்றுவரை பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பூசி மெழுகல். பயந்தேன், அதுதான் காரணம்.

போர்டிலிருந்து பதில் வரும் என்று காத்திருந்தேன். வருவதற்குள் போர்டே இல்லாமல் போயிற்று. சட்டம் மாறி, போர்டுகளைக் கலைத்துவிட்டு ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. விடுதி ஒன்றியத்துக்குப் போனது. சஸ்பென்ஷனில் இருந்த நர்சம்மாவை ஒன்றியம் எடுத்துக்கொள்ளவில்லை. எங்களிடம் வேலை பார்க்காதவர் மேல் உள்ள பாராவுக்கு நாங்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று ஒன்றியத்தார் எழுதினார்கள். அதுவும் நியாயம்தான். பதில் சொல்ல ஆளில்லாத கேள்வி எங்கள் பேரேட்டில் நிலுவை என்று நின்றது. வருஷா வருஷம் நிலுவைப் பட்டியல் தயாரிக்கும்போது பதினான்காம் பாராவை நானே என் கையால் நகல் எடுத்தேன். இன்ஸ்பெக்டர் ரிடையர் ஆனார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. பாரா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அறுபதுகளின் நடுவில் மரக்காணத்தில் தணிக்கைக்குப் போனபோது அந்தக் குப்பத்தைத் தேடிக்கொண்டு போனேன். உப்பளத்தைத் தாண்டி மணலில் நடக்க வேண்டும். தம்பி கல்வீடு கட்டியிருந்தார். நர்சம்மா அதில் இல்லை. நாலு வீடு தள்ளி ஓலைக் குடிசை ஒன்றின் வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டார். கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் முந்தானையால் ஒரு பலகையைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

வசூல் நோட்டீஸைச் சொந்த ஊர் விலாசத்துக்குத்தான் அனுப்பியிருந்தார்களாம். மணியக்காரர் தம்பி வீட்டு வாசலில் நின்று, ஊரே கேட்க அதை உரக்கப் படித்திருக்கிறார். குழந்தைகளுக்கான பால் என்ற என் வாக்கியத்தையும் சேர்த்து. அன்றிலிருந்து தம்பி அவரை வீட்டுக்குள் விடுவதில்லை.

“பிரசவத்துக்குக் கூப்புடுவாங்க சார். வந்து பாத்துட்டுப் போன்னுவாங்க. ஆனா புள்ளைக்குப் பால் காச்சற எடத்துல என்னை நிக்க வுட மாட்டாங்க. தம்பி மருமவ மாசமா இருக்குது. அதுக்காவது என்னைக் கூப்புடுவானான்னு பாத்துக்கினு இருக்கேன்.”

பிறகு அவர் கேட்டார். “என் மேல எழுதினதை எடுத்துட்டாங்களா சார்?”

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “எடுத்துட்டாங்கம்மா” என்றேன்.

அவர் கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டார். இரண்டு கையையும் கூப்பினார். “கடுதாசி குடுப்பாங்களா? தம்பிகிட்ட காட்டணும். வாயால சொன்னா நம்ப மாட்டான்” என்றார். வரும் என்றேன். தபாலில் வரும் என்றேன்.

ஊருக்குத் திரும்பிய பின் எத்தனையோ நாள் அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பாரா கைவிடப்பட்டது என்று ஒரே ஒரு வரி. ஆபீஸ் முத்திரை என் பெட்டியிலேயே இருந்தது. அது பொய்க் கடிதம். பிறருடைய பொய்ப் பேரேடுகளைக் கண்டுபிடித்தே சாப்பிட்டவனுக்கு ஒரு பொய்யை எழுதத் துணிவில்லை. நான் சொன்னது பொய், பாரா இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது என்று எழுதவும் துணிவில்லை. இன்று என் பேத்தி தன் புருஷனைப் பெயர் சொல்லி, அதிலும் பாதியை வெட்டித்தான் கூப்பிடுகிறாள். என் மனைவியே கடைசிக் காலத்தில் வங்கியில் என் பெயரைக் கணீரென்று சொல்லப் பழகிவிட்டாள். அந்தப் பெண்களின் பேத்திகளும் அப்படித்தான் இருப்பார்கள். நர்சம்மாவுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மரக்காணம் போய் வந்து ஒரு வருஷம் இருக்கும். திண்டிவனம் முகாமுக்கு அந்தக் குப்பம் இருக்கும் பஞ்சாயத்தின் குமாஸ்தா ஒருவர் பதிவேடுகளைச் சுமந்துகொண்டு வந்தார். நான் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னார்.

“எங்க ஊர்ல ஒரு கெழவி சார். முன்ன நர்சா இருந்தவங்களாம். தெனமும் தபாலாபீஸ் வாசல்லயே வந்து குந்திக்கினு இருக்குது. தம்பி வூட்ல கொழந்தை பொறந்து அதுக்குப் பேரும் வெச்சாச்சி, இன்னும் வந்துக்கினுதான் இருக்குது. உங்க ஆபீஸ்லேர்ந்து ஏதோ கடுதாசி வரணுமாமே?”

“எந்தக் கடுதாசி?” என்று கேட்டேன்.

“தெரியல சார்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பதிவேட்டை நீட்டினார். நான் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.